பியானோவில் இல்லாத காந்தாரம்

கண்டியில் பயஸ்கோப் ஊமையாக இருந்த நாட்களில், திரைக்குக் கீழே உட்கார்ந்து அதற்குப் பியானோ வாசித்தவள் நான். இதைச் சொன்னால் இப்போது யாரும் எளிதில் நம்புவதில்லை. ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற யாழ்ப்பாணத்து வாத்தியாரின் மகள் பயஸ்கோப்புக்கா வாசித்தாள் என்று கேட்கிறார்கள். வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் கவனமாகக் காது கொடுத்துக் கேட்ட வருடங்கள் அவைதான்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தவர். நான் பிறந்ததும் இங்கேதான். மிஷன் பெண்கள் பள்ளியில் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியிடம் பியானோ பழகினேன். அப்பா காய்ச்சலில் போன பிறகு, குளத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். வழக்குப் பேசும் புறொக்டர்மார், டாக்குத்தர்மார் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிப்பதுதான் என் தொழில். அதனால் கண்டியில் எல்லாருக்கும் நான் டீச்சர்.

பயஸ்கோப் கொட்டகையின் முதலாளி கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. அப்பாவுக்குச் சிநேகிதர். அவரிடம் பியானோ வாசித்துக்கொண்டிருந்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். ஒரு பின்னேரம் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல், அம்மாவோடு கதைத்தார்.

"நான் ஒண்டு செல்றேன், கேளுங்க. புள்ளய ஒத்தரும் பாக்க மாட்டாங்க. சுத்திவர தெர கட்டித் தாறேன். நீங்களும் கூட வந்து குந்திக்கங்க."

அம்மா போதகரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். போதகர், வேதத்தில் பயஸ்கோப்பைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று மட்டும் சொன்னாராம். அம்மா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை பலமாகப் பெய்தால் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. திரையின் அடியில் பள்ளமாக ஓர் இடம். சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய பியானோ. அதைச் சுற்றிப் பச்சைத் துணி. ஆங்கிலப் படத்துக்குத் துரைமாரும் பறங்கிக் குடும்பங்களும் வருவார்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில் இந்தியாவிலிருந்து வந்த புராணப் படங்கள் ஓடும். அன்றைக்குத் தோட்டங்களிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் சனம் வந்து குவியும். அம்மா முதல் நாட்களில் பச்சைத் துணிக்குள்ளே என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு துணியை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தார். ஒரு மாதம் போவதற்குள் முன்வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்து, புராணப் படங்களில் வரும் ராணிமாருக்காகச் சேலைத் தலைப்பு நனைய அழத் தொடங்கிவிட்டார்.

ஆங்கிலப் படங்களுக்கு எனக்கு ஒரு சிரமமும் இல்லை. குதிரை ஓடினால் ஒன்று, முத்தம் கொடுத்தால் ஒன்று என்று வாசிக்கத் தெரியும். புராணப் படத்துக்குத்தான் கை ஓடவில்லை. நாடிழந்த ராணியொருத்தி காட்டில் பிள்ளையைத் தேடி அலையும் இடத்துக்கு, எனக்குத் தெரிந்த சோகமான ஒரு ஞானப்பாட்டை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த இரண்டொரு கிறிஸ்தவர்கள் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்த சனம் திரை மறைகிறதென்று கூச்சல் போட்டது.

படம் முடிந்ததும் முதலாளி துணிக்கு வெளியே நின்று, "புள்ள, சனம் அழோணும், எழும்பி நிக்கப்போடாது" என்றார். அடுத்த வாரம் ஒரு பிடில்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் கண்டி நகரசபைத் தொழிலாளரின் லயன்கள் இருந்த மஹய்யாவையில் பிறந்தவர். தகப்பன் நகரசபை வேலையாள். சின்ன வயதில் இந்தியாவில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கத்தில் சில வருடங்கள் பிடில் பழகித் திரும்பியிருந்தார். பகலில் தேயிலைப் பெட்டி அடிக்கும் பட்டறையில் வேலை; திருவிழா, கலியாணம் என்றால் பிடில். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கையில் போர்வையில் சுற்றிய வாத்தியம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம்.

ஒத்திகைக்கு வந்த அன்று நான் ஒரு கதிரையைக் காட்டினேன். அவர் அதை மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே பாயை விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிடிலின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டு, என்னுடைய சட்ஜமம் எது என்று கேட்டார். நான் நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையை அமத்தினேன். அவர் தந்திகளை அதற்குச் சேர்த்துக்கொண்டு, ராணி அழும் இடத்துக்குச் சகானா வாசிக்கலாமா என்றார். ராகங்களின் பெயர்கள் ஒன்றும் எனக்குத் தெரியாது. தலையாட்டினேன்.

வில்லை இழுத்ததும் என் கண் கலங்கியது. அது மெய்தான். ஆனால் கூட வாசிக்க வேண்டியது என் வேலை. மூன்று சுரங்களைச் சேர்த்து அமத்துவது எங்கள் வழக்கம். அடியில் சட்ஜமம், மேலே பஞ்சமம், இரண்டுக்கும் நடுவில் காந்தாரம். நடுவில் இருப்பதுதான் அந்தச் சேர்க்கையின் முகம். அது சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்வது அதுதான். நான் மூன்றையும் அமத்தினேன். சோற்றில் கல் கடிபட்டதுபோல இருந்தது.

"நீங்கள் அந்த இடத்திலை கொஞ்சம் கீழை நிக்கிறியள்" என்றேன்.

"கீழ இல்லீங்க டீச்சர். அது இருக்கிற எடமே அதுதான்."

காந்தாரத்தின் வெள்ளைக் கட்டையைத் தனியாக அமத்திக் காட்டினேன். அவருடைய விரல் அதைத் தொடாமல் கீழே நின்றது. பக்கத்திலுள்ள கறுப்புக் கட்டையை அமத்தினேன். அதற்கு மேலே நின்றது.

"இந்த ரெண்டு கட்டைக்கும் நடுவுல ஒரு வழி போவுதுங்க" என்றார்.

"அங்கை வழி ஒண்டும் இல்லை. மரம்தான் இருக்கு."

அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. சுருதியில் இருக்கிறது, சுருதி தப்பினது என்று இரண்டே வகைதான் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். இந்த மனிதர் தப்பித்தான் வாசிக்கிறார். ஆனால் அதைக் கேட்டு என் கண் ஏன் கலங்குகிறது என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அப்போதுதான் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. அது கொழும்புக்குப் போய்த் திருந்தி வரும்வரை பாடகர் குழு வாத்தியமில்லாமல் பாடியது. முதலில் தடுமாறினோம். பிறகு ஒரு நாள், பாட்டின் கடைசியில் நாலு குரலும் சேர்ந்து நின்றபோது, கூரைக்குள் யாரோ ஐந்தாவதாகப் பாடுகிற மாதிரி ஓர் இனிமை எழும்பியது. எங்கள் ஆங்கிலேயச் சீமாட்டி கையை உயர்த்தியபடியே கொஞ்ச நேரம் நின்றார். நீங்கள் காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாடுகிறீர்கள், தனியே பாடும்போது மனிதக் குரல் தானாகவே அங்கே போய் உட்கார்ந்துவிடும் என்று சொன்னார். ஆர்மோனியம் திரும்பி வந்த ஞாயிறன்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசிச் சேர்க்கை கரடுமுரடாகக் கேட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனேன்.

அடுத்த ஒத்திகையில் இதை அவருக்குச் சொன்னேன். வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்க பக்கத்து ஆளுகளுக்கும் இது தெரியும்" என்றார். அதில் வெற்றிக் களிப்பு ஒன்றும் இல்லை. தூர தேசத்தில் தன் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவரைப்போலச் சொன்னார்.

ஆங்கிலப் படங்களுக்கும் அவரையே வாசிக்கச் சொன்னார் முதலாளி. அங்கே கஷ்டப்பட்டவர் அவர். நடனக் காட்சிக்கு ஒரு வால்ட்ஸ் வாசிக்கும்போது அவருடைய விரல் தன்பாட்டில் அசைந்து, நேர்ச் சுரத்தைக் குழைத்து வளைத்துவிடும். துரைமார் சிரிப்பது துணிக்கு இந்தப் பக்கம் கேட்கும். அவருக்கு முகம் சிவந்துவிடும். விரலை வைத்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அசையாமல் நின்றால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார். நாளடைவில் பழகிக்கொண்டார். பழகிய பிறகு அவருக்கு அதிலும் ஓர் ஆசை வந்தது. ஒரே இடத்தில் நிற்கிற சுரத்துக்கு ஒரு கண்ணியம் இருக்கிறது, குளத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி என்று ஒரு நாள் சொன்னார்.

மழைக்காலம் முடிந்ததும் பியானோவைச் சுருதி சேர்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பறங்கிக்காரர் வந்தார். குண்டான, எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கிற மனிதர். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அந்தக் காந்தாரக் கட்டையை மட்டும் பிடில் நிற்கிற இடத்துக்கு இறக்கிவிட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பியானோவில் எல்லாமே கொஞ்சம் பொய்தான் என்று அவர் விளக்கினார். பஞ்சமத்துக்குப் பஞ்சமம் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டு ஏறினால் பன்னிரண்டாவது தடவை தொடங்கின சுரத்துக்கே வந்துசேர வேண்டும். ஆனால் வராது, ஒரு மயிரிழை தாண்டிப் போய்விடும். அந்த மயிரிழையைப் பன்னிரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் தன் தொழில் என்றார். அப்படிச் செய்தால் ஒருவருக்கும் பெரிய நட்டமில்லை. ஒருவருக்கும் முழு நியாயமுமில்லை. அதிலே உங்கள் காந்தாரம்தான் எல்லாரிலும் கூட ஏமாந்தது, பாவம் என்று சிரித்தார்.

இருந்தாலும் கேட்டதற்காக முயன்று பார்த்தார். பிடில்காரரை அந்தச் சுரத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, சாவியைத் திருகி மெல்ல மெல்லக் கம்பியை இறக்கினார். சரியாக வந்துவிட்டது என்று நான் கை தட்டப் போனேன். அதற்குள் பிடில் மத்தியமத்திலிருந்து இறங்கி அதே காந்தாரத்துக்கு வந்தது. இப்போது அது வேறிடத்தில் இருந்தது. பறங்கிக்காரர் மறுபடி திருகினார். பிடில் ரிஷபத்திலிருந்து ஏறி வந்தது. மறுபடி தப்பியது. வேர்வை வழிய வழிய அவர் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். கடைசியில் சாவியைப் பியானோவின் மேல் வைத்துவிட்டு, இந்த மனிதரை முதலில் ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

பிடில்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு, "அது ஒரு எடம் இல்லீங்களே டீச்சர். போறதும் வர்றதும் சேந்துதான் அது" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அதுவரை, ஒரு கட்டை குறைகிறது, அதை எங்காவது செருகிவிட்டால் அவரோடு சேர்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எத்தனை கட்டை போட்டாலும் சேர முடியாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பறங்கிக்காரர் கம்பியைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் ராணியின் படம் ஓடியது. காட்டுக் காட்சி வந்தது. அவர் சகானாவைத் தொடங்கினார். நான் அடிச் சட்ஜமத்தையும் மேலேயுள்ள பஞ்சமத்தையும் அமத்தினேன். நடு விரலைத் தூக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். காந்தாரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்குள் பிடில் வந்து, ஏறி, குழைந்து, இறங்கி, தன் இஷ்டம்போல நின்றது. கல் கடிபடவில்லை. கொட்டகையில் இருமல் சத்தம்கூட இல்லை. பிறகு ஒரு பெண் விம்மினாள். அவளைத் தொடர்ந்து பலர். அதில் அம்மாவின் குரலும் இருந்தது.

அவர் வாசித்துக்கொண்டே என் கையைத் திரும்பிப் பார்த்தார். தூக்கியிருந்த விரலைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும், போர்வையில் பிடிலைச் சுற்றியபடி, "இன்னைக்கு எடம் விட்டீங்க" என்றார்.

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாங்கள் கதைத்தது குறைவு. பச்சைத் துணிக்குள்ளே, மேலே ஓடும் வெளிச்சத்தின் நிழலில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். ராகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த ராகத்தில் எந்த விரலைத் தூக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. தோடி என்றால் அநேகமாக எல்லா விரலையும் தூக்கிவிட்டு, அடியில் ஒன்றை மட்டும் அமத்திப் பிடித்திருப்பேன். மரத்தூள் வாசம் எங்கே வந்தாலும் தலை திரும்பியது. ஒத்திகை இல்லாத நாட்கள் நீளமாக இருந்தன. பெரஹரா ஊர்வலக் காலத்தில் தெருவெல்லாம் மேளச் சத்தமாக இருக்கும்போது, கூட்டத்தில் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேடினேன். ஒரு தரம் கண்டேன். அவரும் கண்டார். நடுவில் சனம் இருந்தது. தலையை மட்டும் அசைத்தார்.

அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், யாழ்ப்பாணத்தார். அவர் மஹய்யாவையில் சைவக் குடும்பம். இதைப் பற்றி யாரும் எனக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லாத காலம் அது.

முப்பதுகள் தொடங்கிய பிறகு பேசும் படம் வந்தது. முதலில் கொழும்பில் என்றார்கள். பிறகு ஒரு நாள் எங்கள் கொட்டகை வாசலிலும் பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. திரையின் இரண்டு பக்கத்திலும் ஒலிபெருக்கி பொருத்த ஆட்கள் வந்தார்கள். முதலாளி மெய்யாகவே வருந்தினார். கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படமே பேசுது, பாடுது, நான் என்ன செய்ய என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் இலவசமாகப் படம் பார்க்கப் பாஸ் தருவதாகச் சொன்னார். பச்சைத் துணியை அவிழ்த்துவிட்டார்கள். அது இல்லாமல் அந்த இடம் மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

சில வாரம் கழித்து, ஒரு காலையில், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் ஒரு நாளும் வந்ததில்லை. அம்மா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினார். சென்னைப் பட்டணத்திலிருந்து வந்து கொழும்பில் நாடகம் போட்ட கம்பெனியொன்று அவரைப் பிடிலுக்குக் கூப்பிடுகிறதாம். அவர்களோடு இந்தியாவுக்குப் போகப் போகிறார். அடுத்த கிழமையே பயணம். நல்லது என்றேன். தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டீச்சர், நீங்க ஒரு தடவையாச்சும் அதப் பாடிப் பாத்தீங்களா?"

"எதை?"

"அந்தக் காந்தாரத்த. கைக்குத்தானே கட்டை வேணும். தொண்டைக்கு வேணாமே."

எனக்கு வியப்பாக இருந்தது. இத்தனை வருடமாக அந்தச் சுரத்துக்காக ஏங்கியிருக்கிறேன். அதைப் பாடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கோயிலில் நான் பாடுவது இரண்டாம் குரல். ஆர்மோனியத்தின் கட்டையைப் பிடித்துக்கொண்டு போகிற குரல்.

அவர் பிடில் கொண்டு வந்திருக்கவில்லை. வாயை மூடியபடி தாழ்ந்த குரலில் சட்ஜமத்தைப் பிடித்தார். நான் ரிஷபத்தைத் தொட்டு மேலே போனேன். பியானோவின் காந்தாரம்தான் வந்தது, நேராக, விறைப்பாக. அவர் சட்ஜமத்தை விடாமல் நீட்டினார். மறுபடி முயன்றேன். அதேதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மத்தியமத்துக்குப் போய் அங்கிருந்து இறங்கினேன். படியில் கால் வழுக்கினதுபோல் குரல் ஓர் இடத்துக்குச் சறுக்கியது. விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். விழவில்லை. அந்த இடம் என்னைத் தாங்கிக்கொண்டது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில், மரம்தான் இருக்கிறது என்று நான் சொன்ன அதே இடம்.

அவர் சட்ஜமத்தை நிறுத்திவிட்டார். குசினியிலும் சத்தம் நின்றிருந்தது.

"வாங்களேன்" என்றார்.

விளங்கியது. விளங்கியும், "எங்கை?" என்று கேட்டேன்.

"அங்கதான். அம்மாவையும் கூட்டிக்கிட்டு."

குசினியில் அம்மா மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினார்; முன்னைவிட வேகமாக. அப்பாவின் கல்லறை இங்கே இருக்கிறது, அம்மா அதை விட்டு யாழ்ப்பாணத்துக்கே போக மறுத்தவர் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. தெரிந்திருக்கும். நீங்கள் போய் ஒரு நிலைக்கு வாங்கோ, பிறகு யோசிப்பம் என்றேன். அவரை அனுப்புவதற்காகச் சொன்னதல்ல அது. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"சரிங்க டீச்சர்" என்று எழுந்து, குசினிப் பக்கம் பார்த்து, "போய்ட்டு வாறேம்மா" என்றார். வாறேன் என்பது எங்கள் பேச்சு, வர்றேன் என்பதே அவருடையது. அதை அவர் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் ரயிலேறிய காலையில் ஒரு புறொக்டர் வீட்டில் பிள்ளையொன்றுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை சுர வரிசையை ஏற்றியும் இறக்கியும் அடித்துக்கொண்டிருந்தது. ரயில் இப்போது கடுகண்ணாவை தாண்டியிருக்கும், இப்போது மலையிறங்கியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழையாக அடித்ததை நான் கவனிக்கவேயில்லை என்று தாய் பிறகு சொன்னார்.

போய்ச் சேர்ந்ததற்கு ஓர் அட்டை வந்தது. கம்பெனி ஊர் ஊராகப் போகிறது என்று இன்னொன்று. பிறகு ஒன்றும் வரவில்லை. மதுரையில் கண்டதாக நாவலப்பிட்டிக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். கலியாணம் முடித்துவிட்டார் என்று மஹய்யாவையில் யாரோ சொல்லக் கேட்டேன். இல்லை என்று வேறொருவர் சொன்னார். இரண்டையும் கேட்டு வைத்துக்கொண்டேன். எனக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணப் பேச்சுக்கால்கள் வந்தன. வேண்டாம் என்றேன். அம்மா கட்டாயப்படுத்தவில்லை. கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போதும் அரிசி களையும்போதும், சகானா பாடுவேன். குரல் இப்போது தடுமாறாமல் அந்த இடத்துக்குப் போனது. போய் அங்கே நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் ஆளில்லாத உணர்வு வரும். முன்பு சுரம் என்னிடம் இல்லை, அவர் இருந்தார். இப்போது சுரம் இருந்தது.

சில வருடம் போனது. முதலாளி சொன்ன சொல் தவறாமல் பாஸ் அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஒரு தமிழ்ப் படம் வந்தபோது, அம்மா கேட்டுக்கொண்டதற்காகப் போனோம். இரண்டாம் வகுப்பில் சாய்மானமுள்ள வாங்கு. ஒலிபெருக்கியில் கரகரவென்று சத்தம். கதை நீண்டுகொண்டே போனது. பாட்டுக்கு மேல் பாட்டு. அம்மாவுக்கே அலுத்துவிட்டது. பிறகு கதாநாயகி சிறையில் உட்கார்ந்து முகாரியில் ஒரு பாட்டுத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் ஆர்மோனியம் ஒன்று, அதற்கும் பின்னால், மிகவும் தள்ளி, ஒரு பிடில்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நீண்ட சுரமொன்றில் இறங்குவதற்கு முன் வில்லை ஒரு கணம் தந்தியில் அப்படியே நிறுத்திவிடுவார். வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிறவர் நிற்பதுபோல ஒரு நிற்றல். திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தப் பிடில் நின்றது. பிறகு இறங்கியது. என் கை வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரே குருவின் வீட்டில் பழகியவர்கள் பல பேருக்கு அதே பழக்கம் இருக்கலாம். பாடியவளின் பெயரை எழுத்தில் போட்டார்கள். வாசித்தவர்களின் பெயரைப் போடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கே என்று கேட்காமல் அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். அந்த அலுப்பான கதையை மறுபடி முழுக்கப் பார்த்தோம். முகாரி வந்தது, போனது. படம் விட்டு வெளியே வந்தபோது தூறல். கடைத்தெரு தாண்டிக் குளக்கரையில் ஒரே குடைக்குள் நடந்தோம்.

"அவன் அங்கை ஒழுங்காச் சாப்பிடுறேல்லைப் போலை" என்றார் அம்மா.

"ஆர்?"

"மெலிஞ்சுபோனான். பிடிலைக் கேக்கவே தெரியுது."

நான் குடையை அவர் பக்கம் இன்னும் சாய்த்துப் பிடித்தேன். காலைக்குப் பாண் இல்லை, பேக்கரி பூட்டுவதற்குள் போகவேண்டும் என்று அம்மா நடையைக் கூட்டினார்.